சீழ் வைத்த புண்ணுக்குக் காளான் கேப்சூலா?

சென்னை காசிமேட்டில் மீன் வெட்டும் பெண்களுக்குக் கையில் முள் குத்துவது அன்றாடம் நடப்பது. குத்திய இடம் வீங்கி, சீழ் வைத்த பிறகுதான் பலரும் தண்டையார்பேட்டையில் என்னிடம் காட்ட வருகிறார்கள். இப்போது அந்தத் தாமதத்துக்குப் புதிதாக ஒரு காரணம் சேர்ந்திருக்கிறது: "பக்கத்து வீட்டு அக்கா காளான் மாத்திரை குடுத்தாங்க டாக்டரம்மா. எதிர்ப்பு சக்தி ஏறினா தானா ஆறிடும்னு சொன்னாங்க."

டப்பாவில் ரெய்ஷி காளான், வேம்பு, மஞ்சள் என்று இருக்கும். அதைத் திருப்பிப் பாருங்கள். இப்படிப்பட்ட சத்துப் பொருள்களின் மேல் 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்று அச்சிட வேண்டும் என்பது சட்டம். விற்பவர் அதை உங்களுக்குப் படித்துக் காட்ட மாட்டார்.

காளானில் மருந்தே இல்லை என்று நான் சொல்லவில்லை. காளானும் ஒரு வகைப் பூஞ்சைதான்; 1928-ல் ஃபிளெமிங் கண்ட பென்சிலின் மருந்து பூஞ்சையிலிருந்து வந்தது. புண்ணுக்கு எழுதித் தரும் ஃபியூசிடிக் ஆசிட் களிம்பும் அப்படித்தான். 2007-ல் அமெரிக்காவில் சீழ்ச் சிரங்குக்கு (இம்பெடைகோ) அனுமதி பெற்ற ரெட்டாபாமுலின் களிம்புக்கு மூலம் ஒரு காளான்தான். ஆனால் யாரும் அந்தக் காளானை அரைத்து விற்கவில்லை. அதிலிருந்து ஒரே ஒரு பொருளைப் பிரித்து, அமைப்பை மாற்றி, அளவு கட்டி, நோயாளிகளிடம் சோதித்தார்கள். ஆய்வுக்கூடத் தட்டில், புண்ணில் சீழ் வைக்கும் ஸ்டாஃபிலோகாக்கஸ் கிருமியை அடக்கும் மூலிகைச் சாறுகள் எத்தனையோ உண்டு. அங்கே சாறு நேராகக் கிருமி மேல் விழுகிறது. விழுங்கிய கேப்சூல் குடலையும் கல்லீரலையும் தாண்டிப் புண்வரை போய்ச் சேர வேண்டும். மஞ்சளில் உள்ள குர்குமின் ரத்தத்தில் கலப்பதே மிகக் குறைவு.

சீழ் கோத்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்கே தனியாகப் போதாது. கீறி வெளியேற்றினால்தான் வலி அடங்கும். அதனால் மருந்துக்கடையில் நீங்களாகவே மாத்திரை கேட்டு வாங்குவதையும் நான் ஏற்க மாட்டேன்.

எனக்குப் பெரிய பயம் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பற்றித்தான். உணர்ச்சி மரத்த காலில் வலி தெரியாது, கேப்சூல் வேலை செய்கிறது என்று நம்பி ஒரு வாரம் போய்விடும். அதற்குள் கிருமி எலும்புவரை இறங்கிவிடலாம், விரலையே எடுக்க வேண்டி வரலாம். கொடுத்த காசு போனால் போகட்டும், அந்த ஒரு வாரத்தைத் திருப்பித் தர என்னால் முடியாது.

புண்ணைச் சுற்றியுள்ள சிவப்பின் ஓரத்தில் பேனாவால் கோடு போட்டு வையுங்கள். கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, காய்ச்சலும் நடுக்கமும் வந்தாலோ, தோல் கறுத்தாலோ, புண்ணின் அளவுக்கு மிஞ்சிய வலி இருந்தாலோ, ராத்திரி என்று பார்க்காமல் ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். சின்னப் புண் என்றால் பக்கத்து மாநகராட்சி சுகாதார நிலையமே போதும், காசும் கேட்க மாட்டார்கள்.

ஏற்கெனவே சாப்பிட்டு வருகிறீர்களா? சரி, திட்ட மாட்டேன், டப்பாவை மறைக்காமல் எடுத்து வாருங்கள். ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு ரெய்ஷி ரத்தக்கசிவைக் கூட்டலாம். அடர்த்தியான மஞ்சள் கேப்சூலால் சிலருக்குக் கல்லீரல் பாதித்திருக்கிறது. கட்டியைக் கீறுவதற்கு முன்னால் எனக்கு அது தெரிந்தாக வேண்டும்.