மட்டக்களப்பு தளர்ந்துவிட்டதா? எண்ணிடமும் படத்திடமும் கேட்போம்

முகநூலில் மட்டக்களப்பைத் தேடினால் வாவிதான் முதலில் வரும். மேலேயிருந்து ட்ரோனில் எடுத்த கல்லடிப் பாலம், பொன்னிறத் தண்ணீர், ஒரு தோணி. அதே ஊரைப் புள்ளிவிபரத்தில் தேடினால் வேறு முகம் தெரியும். 2016ஆம் ஆண்டுக் குடித்தன வருமான செலவின ஆய்வின்படி, இந்த மாவட்ட மக்களில் 11.3 சதவீதமானோர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தார்கள். நாடு முழுவதற்கும் அது 4.1, பக்கத்து அம்பாறைக்கு 2.6.

படமும் பொய் இல்லை, எண்ணும் பொய் இல்லை. ஆனால் "இந்த ஊரைத் தூக்கி நிறுத்த வேண்டுமா, எந்த மூலையிலிருந்து தொடங்க வேண்டும்?" என்று கேட்டால், தனித்தனியாக இரண்டாலும் பதில் சொல்ல முடியாது. உயர்தர வகுப்புப் பிள்ளைகளோடு இந்தக் கேள்வியைப் பல தடவை போட்டு உருட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதலில் வழுக்கி விழுவது சராசரியில்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் 30,000 பேர் இருக்கிறார்கள் என்று வையுங்கள். அவர்களில் 5 சதவீதம் வறியவர்கள், அதாவது 1,500 பேர். மேற்கே படுவான்கரையில் 10,000 பேர். அங்கே 25 சதவீதம், 2,500 பேர். இரண்டையும் சேர்த்தால் 40,000இல் 4,000. சரியாகப் 10 சதவீதம். அறிக்கையில் 10 என்று அச்சாகிவிடும். ஆனால் 10 சதவீதம் வறுமை உள்ள கரை எங்கேயும் இல்லை! எல்லைக் கோட்டை எங்கே போடுகிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறும் இந்தச் சிக்கல், உலகெங்கும் புவியியலாளர்களைப் படுத்துகிற ஒன்று.

இங்கிலாந்தில் இதற்கு ஒரு வழி செய்திருக்கிறார்கள். நாட்டைச் சுமார் 1,500 பேர் கொண்ட துண்டுகளாக வெட்டுகிறார்கள். 2019இல் 32,844 துண்டுகள். ஒவ்வொன்றுக்கும் வருமானம், வேலை, கல்வி, உடல்நலம், குற்றம், வீடும் சேவைகளும் எட்டுகிற நிலை, சுற்றுச்சூழல் என்று ஏழு கூறுகளைப் பார்த்து, எடை போட்டுக் கூட்டுகிறார்கள். வருமானத்துக்கும் வேலைக்கும் தலா 22.5 சதவீத எடை. பிறகு மிக நலிந்த துண்டிலிருந்து வரிசைப்படுத்துகிறார்கள். மட்டக்களப்பு மாவட்டத்தில் 2012 தொகைமதிப்பின்படி 526,567 பேர். கிராம சேவகர் பிரிவுகள் ஏறக்குறைய 350. வகுத்துப் பாருங்கள், பிரிவுக்குச் சராசரியாக 1,500 பேர். அப்படிப்பட்ட கணக்குக்கு ஏற்ற துண்டுகள் நம்மிடம் ஏற்கெனவே இருக்கின்றன. இதைக் கண்டபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தது.

துண்டு சிறிதாகும்போது வேறொரு தொல்லை வரும். ஒரு பிரிவில் போன வருடம் இரண்டு பிள்ளைகள் பள்ளியை விட்டு இடைவிலகி, இந்த வருடம் நான்கு பேர் விலகினால், "நூறு வீத அதிகரிப்பு" என்று எழுதலாம். கூடியது இரண்டே பிள்ளைகள். அந்த இரண்டு பிள்ளைகளும் முக்கியம்தான், அவர்கள் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டும். ஆனால் அதை வைத்து ஊர் சரிகிறது என்று சொல்ல முடியாது.

எண்ணுக்குள் ஒளிந்திருக்கும் வரைவிலக்கணத்தையும் கேட்க வேண்டும். கணக்கெடுத்த வாரத்தில் ஒரு மணித்தியாலம் கூலிக்கு வேலை செய்தவரும் தொழிலாளர் படை ஆய்வில் வேலையுள்ளவர்தான். அப்புறம் காலம். இந்த மாவட்டத்தில் 1981க்குப் பிறகு அடுத்த முழுமையான தொகைமதிப்பு நடந்தது 2012இல்தான். 2001இல் போரால் முழுதாக எடுக்க முடியவில்லை. 1981இன் 330,333 என்ற எண்ணிலிருந்து 2012இன் 526,567க்கு ஒரு நேர்கோடு இழுக்கலாம். அந்தக் கோட்டுக்கு அடியில் போரும் இடப்பெயர்வும் சுனாமியும் கிடக்கின்றன. கடலோர நாவலடியை எடுங்கள். 2004 டிசம்பர் 26க்குப் பிறகு அங்கிருந்த குடும்பங்கள் பல திராய்மடுவில் குடியமர்த்தப்பட்டன. சனத்தொகைப் பட்டியலை மட்டும் பார்ப்பவருக்கு நாவலடி தேய்கிற ஊர், திராய்மடு வளர்கிற ஊர். நடந்ததை அறிந்தவருக்கு அந்த எண்களின் பொருளே வேறு.

சரி, ஊடகம்? செய்தி என்பது நிகழ்ச்சியைத் தேடிப் போகும், நிலைமையைத் தேடாது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்தது செய்தி. அதற்கு முன்னர் படுவான்கரையின் கொக்கட்டிச்சோலைச் சனம் வாவிக்கரையில் 'பாதை' எனும் மிதவைப் படகு வரும்வரை நாள்தோறும் காத்து நின்றது பெரிதாகத் தலைப்பாகவில்லை. படத்துக்கும் திகதி உண்டு. இங்கிலாந்தின் எசெக்ஸ் கரையோரத்தில் ஜேவிக் என்றொரு ஊர். மேலே சொன்ன இங்கிலாந்து நலிவுக் கணக்கின் 2010, 2015, 2019 மூன்று வரிசைகளிலும் அதன் ஒரு பகுதிதான் மிக நலிந்த இடம். அந்த ஊரின் குண்டும் குழியுமான வீதிப் படமொன்றை 2018இல் அமெரிக்கத் தேர்தல் விளம்பரமொன்றில் போட்டு, நம் நாடும் இப்படி ஆகிவிடும் என்று பயமுறுத்தினார்கள். அது பழைய படம். வீதிகள் அதற்குள் திருத்தப்பட்டிருந்தன. ஊர்க்காரர் கொதித்துப்போனதில் வியப்பில்லை.

ஊடகத்தையும் அளக்க வழி இருக்கிறது. ஒரு வருடத்துச் செய்தித் தலைப்புகளில் ஐம்பதை எடுத்து, இரண்டு பேர் ஒருவரையொருவர் கேட்காமல் வகைப்படுத்த வேண்டும். "படுவான்கரையில் யானை புகுந்து வயல் நாசம்" என்ற மாதிரித் தலைப்பை வகுப்பில் கொடுத்தேன். ஒரு பிள்ளை 'வனவிலங்கு' என்று எழுதினாள். பக்கத்திலிருந்தவன் 'வாழ்வாதாரம்' என்றான். இரண்டும் நியாயம்தானே! ஐம்பதில் நாற்பதில் ஒத்துப்போனால் 80 சதவீதம். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு குறித்தாலும் கொஞ்சம் ஒத்துப்போகும். அந்தத் தற்செயல் பங்கு 50 சதவீதம் என்றால், அதைக் கழித்து மீதியைப் பார்க்க வேண்டும்: 80இலிருந்து 50 போக 30, முழு 100இலிருந்து 50 போக 50, முப்பதை ஐம்பதால் வகுத்தால் 0.6. ஜேக்கப் கோஹன் 1960இல் தந்த இந்த அளவைக்குக் கப்பா என்று பெயர். மதிப்பு மிகவும் தாழ்ந்தால் பிழை பெரும்பாலும் செய்தியில் இல்லை, நாம் வகுத்த வகைகளில்தான்.

எண்ணும் படமும் ஒத்துப்போகிற இடங்களைவிட முரண்படுகிற இடங்கள்தான் எனக்கு முக்கியமாகப் படுகின்றன. வரைபடத்தில் அவற்றைச் சிவப்பால் வட்டமிட்டு, நடந்து போய்ப் பார்க்க வேண்டும். கடைத்தெருவில் மூடிய கதவுகளை எண்ணுவது எளிய சோதனை. நாற்பது கடைகளில் ஆறு மூடியிருந்தால் 15 சதவீதம். ஆனால் வெள்ளிக்கிழமை நண்பகல் காத்தான்குடி பிரதான வீதியில் எண்ணினால், ஜும்ஆவுக்குப் போனவர்களின் கடைகளும் 'கைவிடப்பட்டவை' ஆகிவிடும். போயா தினமும் அப்படித்தான். அதனால் வேறு வேறு கிழமைகளில், வேறு வேறு நேரங்களில் மூன்று தடவையாவது போக வேண்டும். மூன்று தடவையும் மூடியிருக்கும் கதவுக்குக் கிட்டே போய்ப் பூட்டைப் பார்க்கச் சொல்வேன். துருப்பிடித்து, சிலந்தி வலை கட்டியிருந்தால் ஒரு குறிப்பு. பூட்டு தேய்ந்து பளபளவென்றிருந்து, மேலே மின்மானியும் மெல்லச் சுற்றிக்கொண்டிருந்தால், அது பக்கத்துக் கடைக்காரர் சாமான் வைக்கும் களஞ்சியமாக இருக்கலாம். அதைப் பக்கத்துக் கடையில் கேட்டுத்தான் எழுத வேண்டும்.