‘பேரு அந்தக் கார்டுல இருக்கு’ என்று திருப்பி அனுப்பினால்

தாலுகா நீதிமன்ற வளாகத்தில் சட்டப் பணிகள் குழுவின் இலவச ஆலோசனைக்கு உட்காரும் வழக்கறிஞர் நான். ஜீவனாம்சம் கேட்டு வரும் பெண்களிடம் கல்யாணத் தேதி கேட்பதற்கு முன்பே ரேஷன் கார்டு யார் கையில் இருக்கிறது என்று கேட்டுவிடுவேன். இந்தப் பழக்கம் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு.

சில வருடங்களுக்கு முன் ஓர் அக்கா வந்தார். இரண்டு பிள்ளைகளோடு கணவன் வீட்டை விட்டு வந்து, அம்மா ஊரில் தனியாக வாடகைக்கு இருந்தார். தையல் வேலை. மனுவோடு சேர்க்க மாதச் செலவுக் கணக்கு எழுதிக்கொண்டிருந்தோம். அரிசிக்கு மட்டும் 1,500 ரூபாய் என்றார். “ரேஷன் வாங்குறதில்லையா?” என்று கேட்டேன்.

“கார்டு அவங்க வீட்டுல மேடம். எங்க மூணு பேர் பேரும் அதுலதான். இ-சேவையில கேட்டேன். பேரு அந்தக் கார்டுல இருக்கிற வரைக்கும் புதுசு போட முடியாதுன்னுட்டாங்க.”

ஒன்றரை வருடமாக அந்த மூன்று பேருக்கும் உரிய அரிசி இன்னொரு வீட்டில் வெந்துகொண்டிருந்தது. தமிழ்நாட்டில் 2011 ஜூன் முதல் ரேஷன் அரிசிக்குக் காசே கிடையாது. இலவசமாக வரவேண்டியதைக் கடையில் விலை கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தார் அவர்.

இ-சேவை மையத்தில் சொன்னது பாதி சரி. ஒரு பெயர் ஒரு கார்டில்தான் இருக்க முடியும். ஆதார் எண்ணை வைத்துக் கணினி கண்டுபிடித்துவிடும். புதுக் கல்யாணமான தம்பதி என்றால் சிக்கல் இல்லை. இரண்டு பேரும் பெற்றோர் கார்டிலிருந்து பெயரை நீக்கி, நீக்கல் சான்றை எடுத்துக்கொண்டு புதிய கார்டுக்கு விண்ணப்பிக்கலாம். பிரிந்து வந்த பெண்ணுக்கோ அந்த வழி அடைத்துக் கிடக்கிறது. பெயரை நீக்கப் போனால் ஓடிபி கார்டில் பதிந்த கைபேசிக்குத்தான் போகும், பெரும்பாலும் அது கணவனுடைய நம்பர். அவர் ஓடிபி சொல்வாரா?

அவர் சொல்லாமலே பெயரை நீக்க வழி இருக்கிறது என்பதுதான் பலருக்கும் தெரிவதில்லை. விவாகரத்துத் தீர்ப்பு கையில் இல்லாவிட்டாலும், பிரிந்து வாழ்வதைக் கள விசாரணையில் உறுதி செய்துகொண்டு, பழைய கார்டிலிருந்து பெயரை நீக்கிப் புதிய கார்டு கொடுக்கலாம். அதற்கு மனு கொடுக்க வேண்டியது இ-சேவை மையத்தில் அல்ல, வட்ட வழங்கல் அலுவலரிடம். டிஎஸ்ஓ ஆபீஸ் என்று கேட்டால் காட்டுவார்கள்.

மனு ஒரு பக்கம் போதும். பழைய கார்டின் எண், உங்கள் ஆதார், பிள்ளைகளின் ஆதார், எந்த மாதத்திலிருந்து தனியாக இருக்கிறீர்கள், இப்போதைய முகவரி. கடைசியில் ‘இந்தப் பெயர்களை நீக்கி எனக்குப் புதிய குடும்ப அட்டை வழங்க வேண்டும்’ என்று நேராக எழுதுங்கள். சண்டைக் கதை முழுவதையும் எழுதத் தேவையில்லை. மகளிர் காவல் நிலையத்தில் புகார் கொடுத்திருந்தால் அந்த ரசீது, ஜீவனாம்ச மனு போட்டிருந்தால் அதன் நகல், வாடகை ஒப்பந்தம், பிள்ளைகள் படிக்கும் பள்ளியின் சான்று என்று எது இருக்கிறதோ அதை இணைக்கலாம். இன்னொரு நகலில் தேதியோடு முத்திரை வாங்காமல் அந்த அறையை விட்டு வெளியே வராதீர்கள். அந்தத் தாள் இல்லாததால் மறுபடி முதலிலிருந்து தொடங்கியவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் விசாரணைக்கு வருவார்கள். அவர்கள் முக்கியமாகப் பார்ப்பது தனிச் சமையல் நடக்கிறதா என்று. அம்மா வீட்டிலேயே ஓர் அறையில் இருப்பவர்கள் இதில்தான் தடுக்கப்படுகிறார்கள். அடுப்பு, பாத்திரம், சிலிண்டர் தனியாக இருந்தால் காட்டுங்கள். வீட்டுக்காரரிடமும் பக்கத்து வீட்டிலும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். நீங்கள் வேலைக்குப் போன நேரத்தில் வந்து ‘ஆள் இல்லை’ என்று எழுதிவிட்டுப் போனால் மனு அதோடு நின்றுவிடும்.

அந்த அக்காவின் முதல் மனு அப்படித்தான் நின்றது. இரண்டாவது மனுவை ரேஷன் குறைதீர் முகாமில் கொடுத்தோம். மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை வட்ட அளவில் நடக்கும் முகாம் அது. மூன்றாம் மாதம் கார்டு வந்தது, அவர் படத்தோடு. உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 பிரிவு 13-இன்படி, 18 வயது நிரம்பிய பெண்களில் மூத்தவரே கார்டுக்குக் குடும்பத் தலைவர். மகளிர் உரிமைத் தொகை விண்ணப்பத்துக்கும் முதல்வர் மருத்துவக் காப்பீட்டுக்கும் இந்தக் கார்டைத்தான் கேட்கிறார்கள். அதனால்தான் வழக்குக்கு முன்பே இதைக் கவனிக்கச் சொல்கிறேன். ஜீவனாம்ச வழக்கில் அவருக்கு இடைக்கால உத்தரவு வர மேலும் ஐந்து மாதம் ஆனது.

கார்டு வந்ததும் அதன் வகை என்ன என்று பாருங்கள். முன்பக்கத்திலேயே எழுத்துகளில் இருக்கும். பிஹெச்ஹெச் என்றால் முன்னுரிமைக் கார்டு. என்பிஹெச்ஹெச் என்றால் முன்னுரிமை இல்லாதது, ஆனாலும் அரிசி உண்டு. அதோடு எஸ் சேர்ந்திருந்தால் சர்க்கரைக் கார்டு, அதற்கு அரிசி வராது. விண்ணப்பத்தில் அவசரத்தில் வேறொன்றைத் தேர்ந்துவிட்டு, பிறகு கடையில் போய்த் தவிப்பவர்கள் உண்டு. பதிவு செய்பவரிடம் “அரிசிக் கார்டு” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஏஏஒய் என்பது அந்தியோதயா, மிக ஏழைக் குடும்பங்களுக்கானது. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் மாதம் 35 கிலோ அரிசி. ஆதரவற்ற விதவை, மாற்றுத்திறனாளி தலைவராக உள்ள ஏழைக் குடும்பம் என்றால், வகையை மாற்றக் கேட்டுத் தனி மனு கொடுக்கலாம். தானாக மாறாது.

கைரேகைச் சிக்கல் வேறு வகை. வருடக்கணக்காகச் சிமென்ட்டிலும் பாத்திரச் சோப்பிலும் ஊறிய விரலைக் கருவி ஏற்காது. ‘ரேகை விழல, அடுத்த மாசம் வாங்க’ என்று யாரும் சொல்லக் கூடாது. ஆதார் இல்லை, ரேகை பதியவில்லை என்பதற்காகத் தானியம் மறுக்கக் கூடாது என்று மத்திய உணவுத் துறை 2017 அக்டோபரிலேயே எழுத்தில் சொல்லியிருக்கிறது. நடக்க முடியாதவர்கள் தமக்குப் பதிலாக ஒருவரை நியமித்து அங்கீகாரச் சான்று வாங்கலாம். வயது முதிர்ந்தவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வீட்டிலேயே பொருள் தரும் தாயுமானவர் திட்டம் 2025 ஆகஸ்டில் தொடங்கியது. இதெல்லாம் தெரியாமல் ஆட்டோவுக்குக் காசு கொடுத்துக் கடைக்கு வரும் பாட்டிகளைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை.

வாங்காத பொருளுக்கு பில் போட்டதாக எஸ்எம்எஸ் வந்தால் விட்டுவிடாதீர்கள். அன்றே ரேஷன் புகார் எண்ணான 1967-க்கு அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். எஸ்எம்எஸ் வர வேண்டுமானால் கார்டில் உங்கள் நம்பர் இருக்க வேண்டும், அதை முதலில் சரிபாருங்கள்.

கூலி பாக்கிக்காக எங்களிடம் வரும் பீகார், ஒடிசா தொழிலாளர்களையும் இங்கே சொல்ல வேண்டும். ‘கார்டு ஊரில் இருக்கிறது’ என்பார்கள். ஊரில் முன்னுரிமைக் கார்டோ அந்தியோதயாவோ இருந்தால், இங்கேயுள்ள ரேஷன் கடையிலேயே தானியம் வாங்கலாம். தமிழ்நாடு 2020 அக்டோபரில் ஒரே நாடு ஒரே ரேஷன் கார்டு திட்டத்தில் சேர்ந்தது. தொழிலாளி இங்கே தன் பங்கை எடுத்தாலும் மீதியை ஊரில் மனைவி எடுத்துக்கொள்ளலாம். பருப்பு, பாமாயில் இதில் வராது. செங்கல் சூளையிலும் கட்டட வேலையிலும் ஆள் வைத்திருக்கும் மேஸ்திரிகள் இதை அவர்களிடம் சொன்னால் பெரிய உதவி.

எங்கே போனாலும் மறுக்கிறார்கள் என்றால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் பிரிவு 8, உரிய தானியம் தரப்படாவிட்டால் அதற்கு ஈடாக உணவுப் பாதுகாப்புப் படி என்ற பணத்தைத் தர வேண்டும் என்கிறது. மாவட்டக் குறைதீர் அலுவலர், அவருக்கு மேல் மாநில உணவு ஆணையம் என்று முறையிட இடம் இருக்கிறது. எழுத்தில் ஏதும் இல்லாவிட்டால் அங்கேயும் கையைப் பிசைந்துகொண்டுதான் நிற்க வேண்டிவரும்.

மனு எழுதத் தெரியவில்லை என்றால் உங்கள் தாலுகா நீதிமன்ற வளாகத்தில் உள்ள சட்டப் பணிகள் குழுவுக்கு வாருங்கள், அல்லது இலவச சட்ட உதவி எண்ணான 15100-க்கு அழையுங்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு இல்லாமல் இலவசம். வரும்போது ஆதாரையும், கிடைத்தால் பழைய கார்டின் நகலையும் கொண்டுவாருங்கள். நகல் இல்லாவிட்டாலும் பரவாயில்லை, ஆதாரை வைத்துக் கார்டு எண்ணைத் தேடிப் பார்க்கலாம்.