பேரீச்சை மகரந்தத்தைக் கெடுப்பது ஈரம்

சித்திரை பிறந்த மறுவாரம் பென்னாகரம் பக்கத்திலிருந்து ஒரு அம்மா போன் செய்தார். "சார், இந்த வருசம் காய் நல்லா பிடிச்சிருக்குங்க. மூணு மூணா வந்திருக்கு" என்றார். குரலில் அவ்வளவு சந்தோஷம். அந்த "மூணு மூணா" காதில் விழுந்ததுமே எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். 62 பர்ஹி ரகப் பேரீச்சை மரங்கள், நட்டு ஆறு வருடம் ஆகிறது. சொட்டுநீர், மூடாக்கு, உரம் எல்லாம் குறையில்லாமல் செய்திருக்கிறார். ஆனால் முக்கால்வாசிக் குலைகளில், ஒரு பூ இருந்த இடத்தில் மூன்று பிஞ்சுகள் ஒட்டிக்கொண்டு நின்றன.

பேரீச்சையின் பெண் பூவில் சூலறைகள் மூன்று. மகரந்தம் சேர்ந்து சூல் பிடித்தால் அதில் ஒன்று மட்டும் காயாக வளரும், மற்ற இரண்டும் உதிர்ந்துவிடும். மூன்றும் நிற்கிறது என்றால் ஒன்றுகூடச் சூல் பிடிக்கவில்லை என்று பொருள். அவை கொட்டையில்லாமல் சிறுத்துப்போய், சுவை ஏறாமல் கடைசிவரை மரத்தில் தொங்கும். சந்தையில் யாரும் எடுக்க மாட்டார்கள். அந்த அம்மா அதை மூன்று மடங்கு விளைச்சல் என்று நினைத்திருந்தார். நான்தான் அதை உடைத்துச் சொல்ல வேண்டியிருந்தது.

"மகரந்தத்தை எங்கம்மா வெச்சிருந்தீங்க?" என்று கேட்டேன்.

"ஃபிரிட்ஜ்லதான் சார். பாளையை அப்படியே கவர்ல போட்டு, காத்து போகாம இறுக்கிக் கட்டி வெச்சிருந்தேன்."

இந்தப் பருவத்தில் இதே பதிலை எனக்குச் சொன்ன நான்காவது தோட்டம் இது. காரிமங்கலத்தில் ஒருவர், மத்தூரில் ஒருவர், அரூர் போகிற வழியில் ஒருவர், இப்போது இவர். நால்வருமே சோம்பேறிகள் அல்லர், மரத்தைப் பிள்ளை மாதிரி பார்க்கிறவர்கள். ஒரு வருட உழைப்பு ஒரு பிளாஸ்டிக் கவருக்குள் செத்துப்போனதை நால்வரிடமும் என்னால் முன்கூட்டியே சொல்ல முடியவில்லையே என்ற ஆதங்கத்தில்தான் இதை எழுதுகிறேன்.

பேரீச்சையில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. திசு வளர்ப்புக் கன்று வாங்கி நட்ட எல்லாருக்கும் இது தெரியும். 40, 50 பெண் மரங்களுக்கு ஒரு நல்ல ஆண் மரம் போதும் என்பதும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு கையால் மகரந்தம் வைக்கிறவர்களுக்கான கணக்கு. காற்று பார்த்துக்கொள்ளும் என்று விட்டால் தோட்டத்தில் பாதிக்குப் பாதி ஆண் மரமாக இருக்க வேண்டும். தேனீ வளர்த்தால் போதுமா என்று கேட்கிறார்கள். தேனீ ஆண் பாளைக்கு ஆசையாக வரும், மகரந்தத்தை அள்ளிக்கொண்டு போகும். பெண் பாளையில் அதற்கு எடுக்க மகரந்தம் இல்லை, அதனால் அந்தப் பக்கம் பெரும்பாலும் போவதே இல்லை. ஆக, நாம்தான் வைக்க வேண்டும். இது நேற்று வந்த வேலையும் இல்லை. கி.மு. 1750 வாக்கில் பாபிலோனை ஆண்ட ஹம்முராபியின் சட்டத்திலேயே இதற்கு விதி இருக்கிறது. பேரீச்சைத் தோப்பில் மகரந்தம் வைக்கும் வேலையை ஏற்ற தோட்டக்காரன் விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கை உரிமையாளருக்குத் தந்து, ஒரு பங்கை எடுத்துக்கொள்ளலாம். சரியாக வைக்காமல் விளைச்சல் குறைந்தால் பக்கத்துத் தோப்பின் விளைச்சல் அளவுக்கு அவன் ஈடு கட்ட வேண்டும்.

சரி, ஏன் சேமிக்க வேண்டும்? நம் பகுதியில் தை, மாசியில் பாளை வருகிறது. ஆணும் பெண்ணும் ஒரே நாளில் பாளை விடுவதில்லை. ஒரு பெண் மரத்திலேயே முதல் பாளைக்கும் கடைசிப் பாளைக்கும் ஒரு மாதத்துக்கு மேல் இடைவெளி இருக்கும். ஆண் முந்திக்கொண்டால் அந்த மகரந்தத்தைச் சில வாரங்கள் காப்பாற்ற வேண்டும். ஆண் பிந்தினால் போன வருடத்து மகரந்தம் கையில் இருக்க வேண்டும். சேமிப்பு இல்லாத தோட்டத்தில் விளைச்சலை அதிர்ஷ்டம்தான் முடிவு செய்கிறது.

இனி அந்த ஃபிரிட்ஜ் விஷயத்துக்கு வருகிறேன். தயவுசெய்து பொறுமையாகப் படியுங்கள், இதைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியும் யாரும் கேட்பதில்லை. குளிர்ச்சி மகரந்தத்தைக் காப்பாற்றுவதில்லை. ஈரமில்லாமல் உலர்வதுதான் காப்பாற்றுகிறது. நன்றாகக் காய்ந்த மகரந்தத்தைக் குளிரில் வைத்தால் அது இன்னும் நீண்ட நாள் இருக்கும், அவ்வளவுதான். ஈரமான மகரந்தத்தைக் குளிரில் வைத்தால் அது மெதுவாகக் கெடும். கெடுவது நிச்சயம். வெட்டிய பாளையில் காம்பு, இழை, பூவிதழ் எல்லாமே பச்சை. அதைக் கவரில் போட்டு இறுக்கிக் கட்டினால் அந்த ஈரம் எங்கே போகும்? கவரின் உட்புறம் முத்து முத்தாகக் கோத்து நிற்கும், பூவின் மேலேயே சொட்டும். நாலைந்து நாளில் பூசணம் பிடித்துவிடும். பூசணம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் மகரந்தம் முளைக்கும் திறனை இழந்திருக்கும்.

நம் ஊரில் கேழ்வரகு விதையை ஈரத்தோடு யாராவது மூட்டை கட்டியிருக்கிறார்களா? அவரை விதைக்குச் செம்மண் பூசி வெயிலில் காயவைத்துத்தானே பானையில் போட்டு மூடினார்கள் நம் பாட்டிமார்கள்? அவர்களிடம் ஃபிரிட்ஜ் இல்லை. விதை அடுத்த வருடம் முளைத்தது. மகரந்தமும் விதை மாதிரிதான், அதைவிடப் பல மடங்கு மென்மையானது. விதையை வெயிலில் போடலாம், இதை நிழலில்தான் உலர்த்த வேண்டும்.

இன்னொன்று, "மஞ்சளாத்தானே இருக்கு சார், கெட்ட மாதிரி தெரியலையே" என்பார்கள். செத்த மகரந்தமும் மஞ்சளாகத்தான் இருக்கும். நிறத்தைப் பார்த்து உயிரைச் சொல்ல முடியாது.

இனி வேலைக்கு வருவோம். ஆண் பாளை பழுப்பேறி, விரலால் அழுத்தினால் நறநறவென்று சத்தம் வரும்போது அது வெடிக்கத் தயார். நுனியில் லேசாக விரிசல் கண்ட அன்றே வெட்டுங்கள். இரண்டு நாள் தள்ளினால் காற்றும் தேனீயும் பாதியைக் கொண்டுபோய்விடும். தோட்டத்துக்குத் தினமும் போக முடியாதவர்கள் பாளைக்குக் காகிதப் பை மாட்டிவிடலாம். பாலிதீன் பை கூடவே கூடாது. வெட்டியதும் உறையைக் கிழித்து, இழைகளைத் தனித்தனியாகப் பிரித்து, செய்தித்தாள் விரித்த அறையில் பரப்புங்கள். வெயில் படக்கூடாது, ஃபேன் போடக்கூடாது. ஃபேன் போட்டால் மகரந்தம் அறை முழுக்கப் பறந்து சுவரில்தான் ஒட்டும். தை மாதக் காலையில் பனி இறங்குகிறது, அந்த நேரத்தில் சன்னலைச் சாத்திவிட்டு வெயில் ஏறியதும் திறங்கள். இரண்டு நாளில் இழை காய்ந்து பூ தானாக உதிரும். தட்டி உதிர்த்து, மெல்லிய மல் துணியிலோ நைலான் வலையிலோ சலித்தால் வெளிர் மஞ்சள் பொடி கிடைக்கும். பூவிதழ், காம்புத் துணுக்கு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது. ஈரத்தை ஒளித்துக்கொண்டு போவதே அந்தத் துணுக்குகள்தான்.

இதோடு முடிந்தது என்று நினைத்துவிடாதீர்கள். சலித்த பொடியை ஒரு தட்டில் மெல்லியதாகப் பரப்பி, காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு ஒரு நாள் மூடி வையுங்கள். நீலமாக இருக்கும் சிலிக்கா ஜெல் ஈரம் குடித்தால் இளஞ்சிவப்பாகும். வாணலியில் மிதமாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும், ஆனால் அந்த வாணலியைச் சமையலுக்கு எடுக்காதீர்கள், அந்த நீலச் சாயம் உடம்புக்கு ஆகாது. அரிசி போட்டு வைத்தால் போதாதா என்கிறார்கள். உப்பு டப்பாவுக்குப் போதும், மகரந்தத்துக்குப் போதாது. நிறம் மாறாமல் நீலமாகவே நிற்கிற வரை மாற்றி மாற்றி வையுங்கள்.

அதன் பிறகு கண்ணாடிக் குப்பி. பெரிய பாட்டில் ஒன்றில் மொத்தத்தையும் கொட்டாதீர்கள். ஒரு நாள் வேலைக்குத் தேவையான அளவு மட்டும் பிடிக்கும் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றின் மேலும் எந்த ஆண் மரம், என்ன தேதி என்று எழுதி ஒட்டுங்கள். சில வாரங்களுக்குள் முடிந்துவிடும் என்றால் ஃபிரிட்ஜில் 4 டிகிரியில் வைத்தால் போதும். அடுத்த பருவத்துக்கு என்றால் உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில். ஃபிரிட்ஜ் கதவில் வைக்காதீர்கள், ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அங்கேதான் சூடு அடிக்கும்.

எடுக்கும் நாளில் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது. எல்லாம் சரியாகச் செய்தவர்களும் இதில் விழுகிறார்கள். குளிர்ந்த குப்பியை எடுத்த கையோடு மூடியைத் திறந்துவிடுகிறார்கள். ஜில்லென்ற தண்ணீர் ஊற்றிய சில்வர் டம்ளர் எப்படி வியர்க்கிறது? அதே வியர்வை குப்பிக்குள் பொடியின் மேல் இறங்கும். ஒரு மணி நேரம் மூடியபடியே வெளியில் வைத்து, குப்பியின் குளிர் விட்ட பிறகு திறங்கள். திறந்த குப்பியில் மீந்ததை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

சேமித்த மகரந்தத்தை நம்பி ஒரு தோட்டம் முழுக்க வைப்பதற்கு முன்னால் ஒரு சிட்டிகையைச் சோதித்துப் பாருங்கள். சர்க்கரைக் கரைசலில் சிறிது போரிக் அமிலம் சேர்த்து, அதில் தூவி ஒரு நாள் வைத்தால் உயிருள்ள மகரந்தம் குழாய் விடும், மைக்ரோஸ்கோப்பில் தெரியும். வீட்டில் முடியாது. பாப்பாரப்பட்டியிலும் எலுமிச்சங்கிரியிலும் வேளாண் அறிவியல் நிலையங்கள் இருக்கின்றன, பையூரில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. பாளை வருவதற்கு முன்பே போய்ப் பேசி வையுங்கள். வந்த பிறகு ஓடினால் நாள் போய்விடும்.

ஏனென்றால் பெண் பாளை காத்திருக்காது. வெடித்த முதல் மூன்று, நான்கு நாட்கள்தான் நல்ல நேரம். காலைப் பனி காய்ந்த பிறகு, 10 மணியிலிருந்து 3 மணிக்குள் வையுங்கள். புது மகரந்தம் என்றால் ஐந்தாறு ஆண் இழைகளைப் பெண் பாளைக்குள் தலைகீழாகச் செருகிக் கட்டும் பழைய முறையே போதும். பொடி என்றால் வாசனை சேர்க்காத டால்க் பவுடரோடு கலந்து தூவலாம். புதுசில் ஒன்றுக்கு ஐந்து பங்கு டால்க் சேர்ப்போம், சேமித்ததில் ஒன்றுக்கு மூன்றுக்கு மேல் நான் போக விடுவதில்லை. அன்றைக்குக் கலந்ததை அன்றைக்கே முடியுங்கள். வைத்த சில மணி நேரத்தில் மழை வந்தால் மறுநாள் திரும்ப வைக்க வேண்டியதுதான்.

மரத்தைக் குறித்து வைக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மகரந்தம் தந்த ஆண் மரத்தைப் பொறுத்து அந்த வருடத்துப் பழத்தின் பருமனும் பழுக்கும் நாளும் மாறுகின்றன. ஸ்விங்கிள் என்ற அமெரிக்க விஞ்ஞானி 1928லேயே இதை எழுதிவிட்டார். மாம்பழத்திலோ கொய்யாவிலோ இப்படிக் கண்கூடாகப் பார்க்க முடியாது. நமக்கு ஆனி, ஆடியில் மழை பிடிப்பதற்குள் பர்ஹியை மஞ்சள் பதத்தில் அறுத்தாக வேண்டும். பத்து நாள் முந்திப் பழுக்க வைக்கும் ஆண் மரம் ஒன்று உங்களிடம் இருந்தால் அது சொத்து. குறித்து வைக்காவிட்டால் எது என்று எப்படித் தெரியும்? ஏரிக்கரை ஈச்ச மரத்திலிருந்து பாளை வெட்டி வந்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். காய் பிடிக்கும், மறுக்கவில்லை. ஆனால் காய் அளவு எப்படி வரும் என்று பார்க்காமல் முழுத் தோட்டத்துக்கும் வைக்காதீர்கள், இரண்டு குலையில் வைத்துப் பாருங்கள்.

ஏறுகிறவருக்கு முகமூடி கொடுங்கள். மட்டையின் அடிமுள்ளை முதலில் வெட்டிவிட்டுத்தான் ஏணி வைக்க வேண்டும். கண்ணில் குத்தி ஆஸ்பத்திரிக்குப் போனவரை நான் பார்த்திருக்கிறேன். வெட்டிய காயத்தின் வாசனைக்குச் சிவப்புக் கூன்வண்டு வரும், அன்றே பூசி மூடுங்கள்.

அந்த அம்மாவின் தோட்டத்தில் கடைசியாக வெடித்த பத்துப் பன்னிரண்டு பாளைகளுக்கு மட்டும் அன்று வெட்டிய புது ஆண் இழையைச் செருகியிருந்தார்கள். அவற்றில் ஒற்றைக் காய், கொட்டைப் பாக்கு அளவில் நன்றாகவே நிற்கிறது. மூன்று மூன்றாக நின்ற குலைகளை மரத்தின் சத்து வீணாகாமல் இருக்க வெட்டிவிடச் சொன்னேன். அவர் கத்தியை எடுத்து வரப் போனவர் கொஞ்ச நேரம் திரும்பி வரவில்லை. வரும் மார்கழிக் கடைசியில், முதல் ஆண் பாளை தலைகாட்டியதும் கூப்பிடச் சொல்லியிருக்கிறேன். சிலிக்கா ஜெல்லும் குப்பிகளும் நானே எடுத்துப் போகிறேன்.