எல்லாம் மாற்றியாச்சு, இன்னும் ஏன் வண்டி கொதிக்குது?

உச்சிப்புளியில் இருக்கும் என் பட்டறைக்குப் போன சித்திரையில் ஒரு டாக்சி வந்தது. ரேடியேட்டர் புதுசு, வாட்டர் பம்ப் புதுசு, ஹோஸ் வரைக்கும் புதுசு. ஓட்டுநர் இறங்கும்போதே, "அண்ணே, எல்லாம் மாத்தியாச்சு. பாம்பன் பாலம் ஏறுறதுக்குள்ள சூட்டு முள்ளு செவப்புக்குப் போயிருது. இன்ஜின் ஹெட்டக் கழத்தணும்னு சொல்றாக" என்றார்.

நான் ஸ்பானரைத் தொடவில்லை. ஏசியை அணைத்துவிட்டு, ஹீட்டரை முழுச் சூட்டில் வைக்கச் சொன்னேன். நம் ஊர் வெயிலில் ஹீட்டரை யார் போடுகிறார்கள்? அவர் அந்தக் குமிழைத் தேடவே கொஞ்ச நேரம் ஆனது. முள் மேலே ஏறிக்கொண்டிருக்க, உள்ளே வந்த காற்றோ சாதாரணக் காற்று. அனல் இல்லை.

விஷயம் அங்கேதான். ஹீட்டருக்குள் இருப்பதும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். இன்ஜின் கொதிக்கும்போது அங்கே அனல் வரவில்லை என்றால், பெரும்பாலும் சூடான தண்ணீர் அதுவரை போய்ச் சேரவில்லை. ஒன்று கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர்க் கலவை) குறைவு, இல்லாவிட்டால் ஏர் லாக், அதாவது உள்ளே காற்று அடைத்துக்கொள்வது. வேலை பார்க்கும்போது கூலன்ட்டை வடித்துவிட்டு மறுபடி ஊற்றுகிறோம். உள்ளே இருந்த காற்று மேடான இடத்தில் போய் உட்கார்ந்துகொள்ளும். பம்ப் தண்ணீரைத் தள்ளும், காற்றுப் பையைத் தள்ளாது. ரேடியேட்டருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாட் வால்வும் சூடான தண்ணீர் பட்டால்தான் ஒழுங்காகத் திறக்கும். பல வண்டிகளில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்க ஆரம்பிக்கும். அதைச் சுற்றிக் காற்று நின்றால் மூடியே கிடக்கும்.

இன்ஜின் நன்றாக ஆறிய பிறகு, முன்பக்கம் உயர்ந்து நிற்கும்படி அந்த வண்டியைச் சரிவில் ஏற்றினேன். ஹீட்டரை அப்படியே வைத்து, ரேடியேட்டர் மூடியைத் திறந்து கூலன்ட்டை மெதுவாக ஊற்றினேன். காற்று வெளியேற்றும் திருகு உள்ள வண்டி என்றால், அதில் குமிழி நின்று தண்ணீர் மட்டும் வரும்வரை திறந்து வைக்க வேண்டும். ஐடிலில் ஓடவிட்டேன். களக் களக்கென்று சத்தம், அளவு சட்டென இறங்கியது. மறுபடி ஊற்றினேன். ஒன்றேகால் லிட்டருக்கு மேல் குடித்தது! குமிழி நின்றதும் மூடியைப் போட்டு, ஃபேன் இரண்டு தடவை ஓடி நிற்கும்வரை காத்திருந்தேன். ஹீட்டரில் அனல் அடித்தது. மறுநாள் காலை ஆறிய வண்டியில் பார்த்தபோது இன்னும் அரை டம்ளர் பிடித்தது.

கொதிக்கிற வண்டியில் மட்டும் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியில் மொத்தமும் கொதித்து முகத்தில் அடிக்கும். அந்த மூடியையும் மாற்றுங்கள். ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புது ரேடியேட்டர் வாங்கிவிட்டு, ரப்பர் காய்ந்த பழைய மூடியையே போடுகிறார்கள்.

அப்புறம் நம் கரையோரத்துக்கே உரிய தொல்லை, உப்பு. வீட்டில் வெந்நீர் போடும் பாத்திரத்தில் வெள்ளையாகப் படிகிறதே, போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டருக்குள்ளும் அதேதான் படியும். உப்பு அலுமினியத்தையும் அரிக்கும். டிஸ்டில்டு வாட்டரும் கூலன்ட்டும் சரிபாதி, அல்லது வண்டிப் புத்தகத்தில் சொன்ன அளவு.

உப்புக்காற்று ஃபேனின் எர்த் வயரையும் விடாது. பிடுங்கிப் பார்த்தால் பச்சையாகப் பூத்திருக்கும். நிற்கும்போது சூடேறி, ஓடும்போது முள் இறங்கினால் முதலில் ஃபேனைப் பாருங்கள். ஏசியைப் போட்டு, கிரில்லில் ஒரு தாளை வையுங்கள், ஒட்டிக்கொள்ள வேண்டும். தள்ளிவிட்டால், வேலை பார்த்தவர் வயரை மாற்றிக் கொடுத்து ஃபேன் தலைகீழாகச் சுற்றுகிறது. மாறாக, நாற்கரச் சாலையில் வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, பம்ப் என்று தேட வேண்டும்.

சிலர் தெர்மோஸ்டாட் வால்வையே கழற்றி எறிந்துவிடுகிறார்கள். எனக்கு இது பிடிக்காது. சில இன்ஜின்களில் வால்வு இல்லாவிட்டால் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டர் பக்கமே போகாமல் குறுக்கு வழியில் சுற்றிவிடும். சூடு இன்னும் கூடும்.

காற்றை முழுக்க எடுத்த பிறகும் குமிழி நிற்கவில்லை, ஒழுகல் இல்லாமல் கூலன்ட் குறைகிறது, ஆயில் பால் காபி நிறத்தில் இருக்கிறது என்றால் ஹெட்டுக்கும் இன்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படலாம். ரேடியேட்டர் வாயில் நீலத் திரவம் வைத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். கூலன்ட்டில் இன்ஜின் புகை கலந்திருந்தால் அது மஞ்சளாகும். அதற்கப்புறம் ஹெட்டைக் கழற்றச் சம்மதியுங்கள்.