செதாக்கா: வேரும் பொருளும்

ஏழைக்கு உதவவும் பள்ளியை நடத்தவும் ஜெப ஆலயத்தைப் பேணவும் யூதர்கள் கொடுக்கும் பணத்துக்கு எபிரேய மொழியில் 'செதாக்கா' என்று பெயர். முதலெழுத்து சரியாக 'ட்ஸ' என்று ஒலிக்க வேண்டும். தமிழ் எழுத்தில் அதைக் கொண்டுவருவது வாய்க்குத் தொல்லை என்பதால் இங்கே 'செ' என்றே எழுதுகிறேன். மொழிபெயர்ப்பவர் கைக்கு முதலில் அகப்படும் சொல் 'நன்கொடை'. அது பொருந்தவே பொருந்தாது. நன்கொடை கொடுப்பவரின் விருப்பம். கொடுத்தால் பாராட்டலாம், கொடுக்காவிட்டால் யாரும் கேட்க முடியாது. செதாக்காவைக் கேட்க முடியும், கேட்டு வாங்கவும் முடியும். அந்த உரிமை அந்தச் சொல்லின் வேரிலேயே இருக்கிறது.

எபிரேயச் சொற்கள் பெரும்பாலும் மூன்று மெய்களை வேராகக் கொண்டு கிளைப்பவை. செதாக்காவின் வேர் ட்ஸ்–த்–க். நேர்மை, நீதி, முறைப்படி இருத்தல் என்பது அதன் பொருள். 'செதெக்' என்றால் நீதி. 'சாதிக்' என்றால் நீதிமான். தமிழ் விவிலியம் படித்தவர்களுக்கு இந்த வேர் ஏற்கெனவே பழக்கம்தான். மெல்கிசேதேக்கு என்ற பெயருக்கு எபிரெயர் நிருபமே 'நீதியின் ராஜா' என்று பொருள் சொல்கிறது. யூதாவின் கடைசி அரசன் சிதேக்கியா, ஆசாரியன் சாதோக்கு ஆகியோரின் பெயர்களிலும் இதே வேர் உண்டு. அரபு மொழியின் 'சதக்கா' இதற்கு மிக நெருங்கிய உறவு. தமிழ் முஸ்லிம்களின் அன்றாடச் சொல் அது. பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரிக்கே பெயராகி நிற்கும் பதினேழாம் நூற்றாண்டு அறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பாவின் பெயரிலும் அது இருக்கிறது. ஆனால் பொருள் சற்றுப் பிரிந்துவிட்டது. இஸ்லாமிய வழக்கில் கட்டாயமானதற்கு ஜகாத் என்று தனிப்பெயர் இருப்பதால், சதக்கா பெரும்பாலும் மனமுவந்து கொடுப்பதைக் குறிக்கிறது. செதாக்காவோ கட்டாயமானது.

எபிரேய வேதத்தில் செதாக்கா என்று வரும் இடங்களில் பெரும்பாலும் 'நீதி' என்றே பொருள். தமிழ் மொழிபெயர்ப்பும் அப்படித்தான் எழுதுகிறது. தானியேல் புத்தகத்தின் நான்காம் அதிகாரத்தில் ஒரு திருப்பம் தெரிகிறது. நீதியைச் செய்து பாவத்தையும், எளியவர்களுக்கு இரங்கி அக்கிரமத்தையும் அகற்றிவிடும்படி அரசனிடம் தானியேல் சொல்கிறார். அங்கே நீதியும் ஏழைக்கு இரங்குவதும் ஒரே செயலின் இரு பெயர்களாக அருகருகே வருகின்றன. பிற்கால ரபிகளின், அதாவது யூதச் சமய ஆசிரியர்களின், எபிரேயத்தில் அந்த இரண்டாவது பொருளே மேலோங்கிவிட்டது. நீதி மரணத்துக்குத் தப்புவிக்கும் என்ற நீதிமொழியை அவர்கள் கொடுத்தலைப் பற்றியதாகவே படித்தார்கள். யூத இறுதிச் சடங்குகளில் உண்டியல் ஏந்துபவர் அந்த வரியைச் சொல்வது பழைய வழக்கம்.

நீதி என்ற சொல் கொடுத்தலுக்குப் பெயரானது எப்படி? வயலுக்குப் போனால் விளங்கும். நிலம் கடவுளுடையது, உழுகிறவன் குடியிருப்பவன் மட்டுமே என்பது வேதத்தின் அடிப்படை. அதனால் வயலின் ஓரத்தை அறுக்காமல் விட வேண்டும், சிந்திய கதிரைப் பொறுக்கக் கூடாது, மறந்துவிட்ட அரிக்கட்டுக்காகத் திரும்பிப் போகக் கூடாது. அவை ஏழைக்கும் விதவைக்கும் அயலாருக்கும் உரியவை. வேதத்தில் வரும் அயல்நாட்டு விதவை ரூத், பெத்லகேமில் போவாசின் வயலில் கதிர் பொறுக்கியது இந்த உரிமையில்தான். எந்த ஏழைக்குக் கொடுப்பது என்று தேர்ந்தெடுக்கும் அதிகாரம்கூட நிலக்காரருக்குக் கிடையாது. தன்னுடையதல்லாததைத் தடுக்காமல் இருப்பது நீதி. அதற்கு நன்றி எதிர்பார்க்க இடமில்லை.

ஊர்களில் தானியம் காசாக மாறியபோது இதே எண்ணம் அமைப்பாகியது. ரபிகளின் சட்டத் தொகுப்பான மிஷ்னாவும், அதன்மேல் எழுந்த விவாதத் தொகுப்பான தல்மூதும் இரண்டு ஏற்பாடுகளைச் சொல்கின்றன. 'கூப்பா' என்பது வாரந்தோறும் வெள்ளிக்கிழமை ஊர் ஏழைகளுக்குப் பகிரும் பணப்பெட்டி. 'தம்கூய்' என்பது பசித்தவருக்கு அன்றன்றே உணவளிக்கும் பெருந்தட்டு. கூப்பாவுக்குப் பணம் திரட்ட இருவர் போக வேண்டும், பங்கிட மூவர் அமர வேண்டும். பங்கிட ஏன் மூவர்? பண வழக்கைத் தீர்க்க மூன்று நீதிபதிகள் வேண்டும் என்பதால். ஏழையின் பங்கை முடிவு செய்வது தீர்ப்புச் சொல்வதற்கு நிகராக வைக்கப்பட்டது என்பதை இங்கே ஊன்றிப் பார்க்க வேண்டும். கொடுக்க மறுத்தவரைக் கட்டாயப்படுத்தவும் முடிந்தது. ராவா என்ற அறிஞர், ரவ் நாத்தான் பார் அம்மி என்பவரைக் கட்டாயப்படுத்தி 400 சூஸ் வெள்ளிக்காசு வாங்கியதைத் தல்மூது பதிவு செய்திருக்கிறது. பத்தில் ஒன்று, அதாவது தமிழ்க் கிறிஸ்தவர்கள் தசமபாகம் என்று சொல்வது, வழக்கமான அளவு. ஐந்தில் ஒன்றுக்கு மேல் போகக் கூடாது என்று உச்சவரம்பும் உண்டு, கொடுத்தவரே பிறகு கையேந்தக் கூடாதல்லவா. செதாக்கா வாங்கிப் பிழைப்பவரும் தன் பங்குக்குச் சிறிதாவது கொடுத்தாக வேண்டும். எனக்கு இந்தச் சொல்மீது மதிப்புக் கூடியது இந்த விதியால்தான். ஏழை என்பதற்காக யாரும் நீதி செய்யும் பொறுப்பிலிருந்து தள்ளிவைக்கப்படவில்லை.

கல்வியும் இந்தக் கடமைக்குள் வந்தது. தல்மூதின் பாபா பத்ரா பகுதி அந்த வரலாற்றைச் சொல்கிறது. தொடக்கத்தில் தந்தை இருந்த பிள்ளை தந்தையிடம் படித்தது, தந்தை இல்லாத பிள்ளை படிக்கவில்லை. பிறகு எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்தினார்கள். அப்போதும் தந்தை அழைத்துவந்த பிள்ளைதான் வந்து சேர்ந்தது. பின்னர் மாவட்டந்தோறும் ஆசிரியர்களை வைத்து, பதினாறு பதினேழு வயதில் சேர்த்தார்கள். அந்த வயதில் ஆசிரியர் கடிந்துகொண்டால் பையன் எழுந்து போய்விடுவான். கடைசியில், கி.பி. முதல் நூற்றாண்டில் பிரதான ஆசாரியராக இருந்த யோசுவா பென் கம்லா, ஊர்தோறும் ஆசிரியர் வேண்டும், ஆறு ஏழு வயதிலேயே சேர்க்க வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். அவர் இல்லாவிட்டால் தோரா, அதாவது வேதக் கல்வி, இஸ்ரவேலில் மறந்தே போயிருக்கும் என்று தல்மூது அவரை வாழ்த்துகிறது. ஓர் ஆசிரியருக்கு 25 பிள்ளைகள், 40 ஆனால் ஓர் உதவியாளர், அதற்கு ஊர்ப்பணம் என்று கணக்கும் அங்கேயே வருகிறது. தந்தையற்ற பிள்ளையிடமிருந்து தொடங்கிய அக்கறை இது. பிற்காலத்தில் 'தல்மூத் தோரா' என்ற பெயரில் ஊர்ப்பணத்தில் ஏழைப் பிள்ளைகளுக்காக நடந்த பள்ளிகள் அதன் தொடர்ச்சி.

இது ஏட்டளவில் நின்றுவிடவில்லை. கெய்ரோவை அடுத்த ஃபுஸ்தாத்தில் பென் எஸ்ரா ஜெப ஆலயத்தின் சேமிப்பறையிலிருந்து கிடைத்த பழந்தாள்களில், ரொட்டி பெற்றவர்களின் பட்டியல்களும், அநாதைப் பிள்ளைகளுக்காக ஆசிரியருக்குத் தந்த ஊதியக் கணக்கும் இருக்கின்றன. அதே ஃபுஸ்தாத்தில் வாழ்ந்தவர்தான் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் (1138–1204). இரத்தின வணிகரான அவருடைய தம்பி தாவீது இந்தியக் கடலில் மூழ்கி இறந்தார். குடும்பத்தைக் காக்க மைமோனிடிஸ் மருத்துவத் தொழிலை மேற்கொண்டார். கூப்பா இல்லாத யூத ஊரைத் தாம் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை என்று அவர் எழுதினார். செதாக்காவுக்கு எட்டுப் படிகளையும் வகுத்தார். மனம் கசந்து கொடுப்பது கடைசிப் படி. கொடுத்தவரும் பெற்றவரும் ஒருவரையொருவர் அறியாதது மேலிருந்து இரண்டாவது. எல்லாவற்றுக்கும் மேலான படியில் கொடை மட்டுமல்ல, கடனும், கூட்டு வணிகமும், வேலை தேடித் தருவதும் இருக்கின்றன. விழப்போகிறவரைத் தாங்கி, இனி அவர் யாரிடமும் கேட்க வேண்டாதபடி செய்வதே அதன் நோக்கம். பதினாறாம் நூற்றாண்டில் யோசேப்பு காரோ தொகுத்த சட்ட நூல் இன்னொரு வரிசையைச் சொல்கிறது: ஜெப ஆலயத்துக்குக் கொடுப்பதைவிட, பிள்ளைகள் தோரா படிக்கவும் ஏழை நோயாளிகளுக்கும் கொடுப்பது மேல். கட்டடத்தில் பெயர் பொறிக்க விரும்பும் எந்தச் சமயத்தவருக்கும் இது உறைக்க வேண்டிய தீர்ப்பு.

இன்றைய வழக்குகளைச் சுருக்கமாகச் சொல்லலாம். வீட்டில் இருக்கும் உண்டியலுக்கு யித்திஷ் மொழியில் 'புஷ்கே' என்று பெயர். வெள்ளி மாலை ஓய்வுநாள் விளக்கேற்றும் முன் அதில் காசு போடுவார்கள். 18, 36 என்று பதினெட்டின் மடங்குகளில் கொடுப்பது பரவலான பழக்கம், ஏனென்றால் 'ஹாய்', அதாவது உயிருள்ள என்னும் எபிரேயச் சொல்லின் எழுத்துகளுக்குரிய எண்களின் கூட்டுத்தொகை 18. 1860ல் பாரிஸில் தொடங்கிய உலக இஸ்ரவேல் கூட்டணி என்னும் யூத அமைப்பு மொராக்கோவின் தெத்துவானில் 1862ல் தன் முதல் பள்ளியைத் திறந்தது. அமெரிக்காவில் 1895ல் பாஸ்டனில் யூத அறநிறுவனங்கள் ஒன்றுசேர்ந்து பொதுவாக நிதி திரட்டின. மற்ற நகரங்களும் அவ்வழியே வந்தன. பாக்தாத்திலிருந்து பம்பாய் வந்த சாசூன் குடும்பம் பைகுல்லாவில் ஜெப ஆலயமும் யூதப் பிள்ளைகளுக்குப் பள்ளியும் கட்டியது. இன்று அந்த வளாகத்தில் படிப்பவர்களில் பெரும்பாலோர் முஸ்லிம் பிள்ளைகள்.

இனித் தமிழ்ச் சொல்லுக்கு வருவோம். 'ஈகை' அழகான சொல், ஆனால் வள்ளுவர் அதற்கு வகுத்த எல்லை செதாக்காவோடு மோதுகிறது. வறியவர்க்குக் கொடுப்பதே ஈகை, மற்றவை திரும்பப் பெறும் குறியெதிர்ப்பை என்று அவர் கடனை வெளியே தள்ளுகிறார். மைமோனிடிஸ் கடனை உச்சப்படியில் வைக்கிறார். நல்ல வழியென்றாலும் வாங்குவது தீது என்கிறது குறள். முதுமையாலோ நோயாலோ செதாக்கா இல்லாமல் வாழ முடியாதவர் பெருமைக்காக மறுத்தால், அது தன் இரத்தத்தையே சிந்துவது போன்றது என்கிறார் மைமோனிடிஸ். உரியதை வாங்க எதற்கு வெட்கம்?

'ஒப்புரவு' இன்னும் நெருக்கம். அந்த அதிகாரத்தின் முதற்குறளே அதைக் கைம்மாறு வேண்டாத 'கடப்பாடு' என்கிறது. ஊரோடு சேர்ந்து வாழும் பொறுப்பு அதில் இருக்கிறது. கூப்பாவை விளக்க இதைவிட நல்ல சொல் இல்லை. ஆனால் தமிழ்க் கிறிஸ்தவர்கள் ஒப்புரவு என்றால் பகை நீங்கிச் சேர்தல் என்று புரிந்துகொள்வார்கள். யூதம் பற்றிய எழுத்தை அவர்களே அதிகம் படிக்கக்கூடும் என்பதால் தயங்க வேண்டியிருக்கிறது. 'தருமம்' என்பதில் செதாக்காவைப் போலவே நீதி, கொடை இரண்டும் உண்டு. 'தருமம் வெல்லும்' என்பதும் 'தருமம் போடுங்கள்' என்பதும் ஒரே சொல்தான். ஆனால் பேச்சில் அது தட்டில் விழும் காசாகச் சுருங்கிவிட்டது.

நான் பரிந்துரைப்பது 'அறக்கடன்'. அறம் நீதியைத் தருகிறது. கடன் என்பதற்குத் தமிழில் கடமை, திருப்பித் தர வேண்டியது என்ற இரு பொருளும் பழமையானவை. இங்கே இரண்டும் வேண்டும். வேதப் பகுதிகளை மொழிபெயர்க்கும்போது 'நீதி' அப்படியே இருக்கட்டும். மக்கள் கொடுப்பதைப் பேசும் இடத்தில் முதல்முறை 'செதாக்கா என்னும் அறக்கடன்' என்றும், பிறகு செதாக்கா என்றும் எழுதலாம். 'அறக்கட்டளை' நிறுவனத்தின் பெயர், அதைச் செயலுக்கு இடக்கூடாது. 'கெமிலுத் ஹசாதிம்' என்ற சொல்லையும் இதோடு சேர்த்துவிடக் கூடாது. நோயாளியைப் பார்ப்பது, மணமக்களுக்கு உதவுவது, இறந்தவரை அடக்கம் செய்வது என உடலாலும் பணக்காரருக்கும்கூடச் செய்வது அது. அதற்கு 'அன்புப்பணி' என்ற சொல் போதும்.