ஆசனைட்டு: ஈற்றெழுத்தும் படையும்

வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ உயர்தர இரசாயனவியல் படிப்பவர் ஆசனைட்டு என்ற சொல்லில் முதலில் பார்க்க வேண்டியது ஈற்றெழுத்தை. ஆசனிக்கு என்ற மூலகம் உலோகத்தோடு நேரே சேர்ந்தால் ஆசனைட்டு. ஆசனைற்று, ஆசனேற்று இரண்டிலும் ஒட்சிசன் உண்டு. ‘ட்டு’ வரவேண்டிய இடத்தில் ‘ற்று’ விழுந்தால் சேர்வையே வேறாகிவிடும். தமிழகத்தார் ஆர்சனைடு என்று எழுதுவர்.

பாரசீகத்தில் ‘சர்’ என்றால் பொன். அதிலிருந்து பொன்மஞ்சள் கல்லொன்றுக்கு வந்த பெயர், சிரியாக் வழியே கிரேக்கம் புகுந்து ‘ஆர்செனிகோன்’ ஆயிற்று. அதே கல்தான் நம் அரிதாரம். அந்தப் பெயரும் மஞ்சளைக் குறித்த வடசொல்லின் வழி வந்தது. முல்லைத்தீவுக் கோவலன் கூத்துக்கு முகம் எழுதுவதை அரிதாரம் பூசுதல் என்கிறோமே, அந்தச் சொல்தான்! ஆனாலும் ஆசனிக்குக்கு அரிதாரம் என்று பெயரிடக்கூடாது. அரிதாரம் கந்தகமும் சேர்ந்த கனியம். பாடாணமும் பொருந்தாது, அது நஞ்சுகளுக்குப் பொதுப்பெயர். மூலகப் பெயரை அப்படியே வைத்து, அமைப்பைத் தமிழில் சொல்வதே சரி: படையமை உலோக ஆசனைட்டு. ஓசோன் படையில் உள்ள அதே ‘படை’.

பேரியம் இரும்பு ஆசனைட்டை எடுப்போம். ஒவ்வோர் இரும்பணுவையும் நான்கு ஆசனிக்கு அணுக்கள் நான்முகியாகச் சூழ்ந்து ஒரு படையாகும். அடுத்த படை ஏறத்தாழ 0.65 நனோமீற்றர் தள்ளி, நடுவில் பேரியம். அதனால் பளிங்கு மைக்கா போலத் தகடு தகடாய் உரியும். மின்னும் படைக்குக் குறுக்கே ஓடுவதைவிடப் படை வழியே எளிதாக ஓடும். சுமார் 140 கெல்வினில் இரும்பின் காந்தத் திருப்பங்கள் (அணுவளவுக் காந்தங்கள்) எதிரெதிராய் ஒழுங்குபட, சதுரச் சாலகமும் சற்றுக் கோணும். பேரியத்தில் 40 சதவீதத்தைப் பொற்றாசியத்தால் மாற்றினால் அந்த ஒழுங்கு குலைந்து, 38 கெல்வினில் மின்தடை முற்றாக மறையும்; இதுவே மீகடத்தல். இரும்பின் காந்தம் மீகடத்தலுக்குப் பகை என்றே கருதப்பட்டது. ஆனால் 2008இல் யப்பானின் ஹிதேயோ ஹொசோனோ குழு இலந்தனம் சேர்ந்த இரும்பு ஆசனைட்டில் 26 கெல்வினில் மீகடத்தலை எட்டிக் காட்டியது.

பளிங்கு வளர்க்க, 1 மூல் பேரியத்துக்கு 4 மூல் இரும்பு ஆசனைட்டை அலுமினாப் புடக்குகையில் இட்டு, சிலிக்காக் குழாயில் அடைத்து, சுமார் 1180 பாகை செல்சியசில் உருக்கி, மெல்லக் குளிரவிடுவர். அந்த இரும்பு ஆசனைட்டை முன்கூட்டியே செய்யும்போதுதான் ஆபத்து. ஆசனிக்கு 615 பாகையளவில் உருகாமலே ஆவியாகும். அவசரமாகச் சூடேற்றினால் அமுக்கம் ஏறிக் குழாய் வெடித்து நஞ்சு பரவும். பாடசாலை ஆய்கூடத்தில் தொடவே கூடாது. வெள்ளீயத்தில் கரைத்து வளர்ப்பது இலகு, ஆனால் வெள்ளீயம் பளிங்குக்குள் புகும். தடைத்திறன் வரைபில் 140க்குப் பதிலாக 85 கெல்வின் அருகே வளைவு தெரிந்தால், புகுந்தது வெள்ளீயமா என்று முதலில் பாருங்கள்.