கலிஃபோர்னியாவில் எக்ஸ்ரே டெக்னாலஜிஸ்ட் ஆக: பணம் கட்டுவதற்கு முன் இதைப் படியுங்கள்

ஊரில் பி.எஸ்சி. ரேடியாலஜி முடித்து, ஸ்கேன் சென்டரில் சில வருடம் வேலையும் பார்த்துவிட்டு, கல்யாணமாகி கலிஃபோர்னியா வந்து சேர்கிறவர்கள் உண்டு. "அங்கே எக்ஸ்ரே வேலைக்கு நல்ல சம்பளம்" என்று சொல்லித்தான் அனுப்பியிருப்பார்கள். சம்பளம் நல்லதுதான். ஆனால் அந்த வேலையைத் தொட மாநில உரிமம் வேண்டும். அதைத் தேடிப் போகிறவர்கள் ஏமாறுவதைப் பார்த்துப் பார்த்து அலுத்துப்போய்த்தான் இதை எழுதுகிறேன்.

சட்டம் சின்னதுதான். மனிதர்களுக்குப் பொதுவாக எக்ஸ்ரே எடுக்க, மாநிலப் பொதுச் சுகாதாரத் துறையின் கதிரியக்கப் பிரிவு தரும் சி.ஆர்.டி. சான்றிதழ் வேண்டும். அதற்கு ஏ.ஆர்.ஆர்.டி. என்ற தேசிய அமைப்பு நடத்தும் ரேடியோகிராஃபி தேர்வில் தேற வேண்டும். தேர்வு எழுத, அந்த அமைப்பு ஏற்கும் பயிற்சியை முடித்திருக்க வேண்டும். 2015 முதல் குறைந்தது அசோசியேட் டிகிரியும் (இரண்டு வருடக் கல்லூரிப் பட்டம்) கட்டாயம்.

இதில் ஆட்களைக் கவிழ்ப்பது 'ஏற்கும் பயிற்சி' என்ற நிபந்தனைதான். இந்தியாவில் படித்த ரேடியாலஜி அந்தக் கணக்கில் நேரடியாக வராது. எத்தனை வருட அனுபவம் இருந்தாலும் அது பயிற்சிக்கு ஈடாகாது. இது தெரியாமல் பலர் முதலில் செய்கிற காரியம், சான்றிதழ் மதிப்பீட்டு நிறுவனத்துக்குப் பணம் கட்டுவது. "உங்கள் டிகிரி அமெரிக்க இளநிலைப் பட்டத்துக்குச் சமம்" என்று அழகான கடிதம் வரும். டிகிரி சமம், சரி. பயிற்சி ஏற்கப்பட்டதா? அதைப் பற்றி அந்தக் கடிதத்தில் ஒரு வரி இருக்காது. எனக்குத் தெரிந்த ஒரு பெண் அந்தக் கடிதத்தை பிளாஸ்டிக் உறையில் போட்டு, ஒவ்வொரு நேர்காணலுக்கும் எடுத்துக்கொண்டு போய் வந்தார். ஒருவரும் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை.

ஊர்ப் படிப்புக்கு ஒரு சின்ன சந்து உண்டு. அங்கீகாரம் பெற்ற ஒரு பயிற்சியின் இயக்குநர் உங்கள் பாடத்திட்டத்தைப் பார்த்து, சில பாடங்களை விலக்கி, மீதியை மட்டும் படிக்கச் சொல்லலாம். செய்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு இல்லை. அதனால்தான் இந்த அலைச்சல்: ஏ.ஆர்.ஆர்.டி.யைக் கேட்டால் பள்ளியைக் கேள் என்பார்கள், பள்ளியைக் கேட்டால் ஏ.ஆர்.ஆர்.டி.யைக் கேள் என்பார்கள். அலுவலக வரவேற்பில் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். பயிற்சி இயக்குநருக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள். பாடவாரியான சிலபஸ், செய்முறை நேரக் கணக்கு இரண்டையும் இணையுங்கள். இவற்றை ஊர்க் கல்லூரியிலிருந்து முத்திரையோடு வாங்கி வைப்பது, விமானம் ஏறுவதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலை. இங்கிருந்து கேட்டால் அங்கே யாரும் அசைய மாட்டார்கள்.

அடுத்தது தனியார் பள்ளிகள். "ஒரு வருடத்துக்குள் எக்ஸ்ரே டெக்னீஷியன்" என்று விளம்பரம் வரும். பொய் இல்லை, ஆனால் முழு உண்மையும் இல்லை. அங்கே கிடைப்பது பெரும்பாலும் எக்ஸ்.டி. என்ற வரையறுக்கப்பட்ட அனுமதிக்கான படிப்பு. மார்பு, கை கால், உடற்பகுதி எலும்பு, மண்டை ஓடு என்று அனுமதி பகுதி பகுதியாகத்தான் வரும். மாமோகிராம் (மார்பக எக்ஸ்ரே) எடுக்க முடியாது, ஃப்ளூரோஸ்கோப்பி (அசையும் நேரடி எக்ஸ்ரே) செய்ய முடியாது. பெரிய மருத்துவமனைகள் இவர்களை எடுப்பது அபூர்வம். சின்ன கிளினிக்குகளில் வேலை கிடைக்கும், கூடவே வரவேற்பு மேசையையும் பார்க்கச் சொல்வார்கள். அங்கே பத்து வருடம் வேலை பார்த்தாலும் அது ஏ.ஆர்.ஆர்.டி. தேர்வுக்குத் தகுதி ஆகாது, திரும்ப முதலிலிருந்துதான். சேரும் முன் ஒரே கேள்வி கேளுங்கள்: "இதை முடித்தால் ஏ.ஆர்.ஆர்.டி. ரேடியோகிராஃபி தேர்வு எழுதலாமா?" பதிலை எழுத்தில் வாங்குங்கள். மழுப்பினால் எழுந்து வந்துவிடுங்கள்.

"எங்கள் கல்லூரி அங்கீகாரம் பெற்றது" என்பதும் இதே ரகம். கல்லூரிக்கு அங்கீகாரம் இருப்பது வேறு, அந்த ரேடியோகிராஃபி பயிற்சிக்கு இருப்பது வேறு. இந்தப் பயிற்சிகளுக்கு அங்கீகாரம் தரும் ஜே.ஆர்.சி.இ.ஆர்.டி. என்ற அமைப்பின் பட்டியலிலும் மாநிலத்தின் பட்டியலிலும் பயிற்சியின் பெயரை நீங்களே தேடிப் பாருங்கள். கல்லூரியின் பிரசுரத்தை நம்ப வேண்டாம்.

பெரும்பாலானவர்களுக்கு நல்ல வழி கம்யூனிட்டி காலேஜ் என்ற இரண்டு வருட அரசுக் கல்லூரிதான். மாநிலவாசிக்கு ஒரு யூனிட்டுக்கு (பாட அளவுக்கான கணக்கு) 46 டாலர். வெளியாள் என்றால் பல மடங்கு. எச்-4 விசாவில் (வேலை விசாவில் வந்தவரின் கணவன் அல்லது மனைவிக்கானது) இருப்பவரும் ஒரு வருடத்துக்கு மேல் இங்கே வசித்ததை நிரூபித்தால் மாநிலவாசிக் கட்டணம் கேட்கலாம். கவுன்டரில் விசா என்ற சொல்லைக் கேட்டதும் "வெளிநாட்டு மாணவர்" என்று குறித்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். மாணவர் விசாவான எஃப்-1 போன்றவற்றுக்குத்தான் அந்தச் சலுகை இல்லை என்று பொறுமையாகச் சொல்லி, மேலதிகாரியைக் கேளுங்கள்.

சீட்டு குறைவு. பல கல்லூரிகள் வருடத்துக்கு ஒரு முறைதான் சேர்க்கின்றன. முன்பாடமான உடற்கூறியல், உடலியங்கியலுக்குச் சில இடங்களில் காலாவதி வைத்திருக்கிறார்கள். காத்திருப்புப் பட்டியலில் இருக்கும்போதே அது செல்லாமல் போகலாம். இன்னொன்று, எச்-4 விசாவில் படிக்கலாம், வேலை பார்க்க தனி அனுமதி அட்டை வேண்டும். அந்த அட்டை இல்லாமல் சோஷியல் செக்யூரிட்டி எண் கிடைக்காது. செய்முறைப் பயிற்சி தரும் மருத்துவமனை பின்னணிச் சோதனைக்கு அந்த எண்ணைக் கேட்டால் பாதியில் நிற்பீர்கள். சேரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

பழைய போலீஸ் வழக்கில் தண்டனை எதுவும் இருந்தால் மறைக்காதீர்கள். ஏ.ஆர்.ஆர்.டி. அதைப் படிப்பு தொடங்கும் முன்பே பரிசீலித்துச் சொல்லும். இரண்டு வருடம் படித்துவிட்டு மறுப்பு வாங்குவதைவிட அது மேல்.

தேர்வில் நம் ஆட்களுக்கு வரும் தலைவலி இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் 'எஸ். கவிதா', பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரிந்து கடைசிப் பெயராக, ஓட்டுநர் உரிமத்தில் கணவர் பெயர். தேர்வு மையத்தில் காட்டும் இரண்டு அடையாள அட்டைகளிலும் பெயர் விண்ணப்பத்தோடு ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள், கட்டணமும் போகும். கல்லூரியில் சேரும்போதே எல்லாவற்றையும் ஒரே பெயருக்கு மாற்றிவிடுங்கள். வாய்ப்பு மொத்தம் 3, அதுவும் 3 வருடத்துக்குள். அதற்கு மேல் என்றால் பயிற்சியையே மீண்டும் முடிக்க வேண்டும்.

தேர்வில் தேறிவிட்டால் வேலைக்குப் போகலாம் என்று நினைக்காதீர்கள். சி.ஆர்.டி.க்குத் தனியாக மாநிலத்திடம் விண்ணப்பித்து, அது கைக்கு வந்த பிறகுதான் மெஷினில் கை வைக்கலாம். "முதல் வாரம் சும்மா உதவிக்கு வா" என்று மேனேஜர் கூப்பிட்டாலும் போகாதீர்கள், மாட்டினால் உங்கள் பெயர்தான் கெடும். அப்புறம், வேலை விளம்பரங்களில் 'ஃப்ளூரோ' என்று கூடவே இருக்கும், அது ஃப்ளூரோஸ்கோப்பி அனுமதி. இடுப்பு எலும்பு அறுவைச் சிகிச்சையில் சி-ஆர்ம் என்ற நகரும் ஃப்ளூரோ மெஷினை இயக்க அந்தத் தனி அனுமதி வேண்டும், அதற்கும் தனித் தேர்வு. இரண்டையும் சேர்த்தே திட்டமிடுங்கள். மாமோகிராமுக்கு இன்னொரு சான்றிதழ்.

கிடைத்த பிறகு புதுப்பித்தல். மாநிலம் கேட்பது இரண்டு வருடத்துக்கு 24 தொடர்கல்வி கிரெடிட்டுகள். ஏ.ஆர்.ஆர்.டி.யும் அதே 24தான் கேட்கிறது, ஆனால் அவர்கள் காலக்கணக்கு உங்கள் பிறந்த மாதத்தை ஒட்டி, மாநிலத்தின் கணக்கு சான்றிதழ் தேதியை ஒட்டி. ஒன்றை மட்டும் பார்த்து மற்றதைக் கோட்டை விடுகிறார்கள். இரண்டு தேதிகளையும் போனில் குறித்துவிடுங்கள். வீடு மாறினால் அன்றே இரண்டு அலுவலகங்களுக்கும் புது முகவரியை எழுதி அனுப்புங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள். புதுப்பிக்கும் நோட்டீஸ் பழைய வீட்டுக்குப் போனது என்றால் காலாவதியான சான்றிதழை யாரும் மன்னிக்க மாட்டார்கள்.